பிள்ளை விழித்திருக்கும் நேரம்

பெயர் சூட்டு விழாவுக்கு நாள் குறிக்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பிள்ளை காலையில் எப்போது பால் குடிக்கிறது, குடித்துவிட்டு எவ்வளவு நேரம் தூங்குகிறது என்பதைத்தான். பஞ்சாங்கம் பார்க்காத வீட்டுக்காரர்களும் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் முழிப்பார்கள். மண்டபம் கிடைக்கிற நாள், பேச வருகிறவருக்குத் தோதான நாள், திருப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கிற நாள் என்று எல்லாம் யோசித்து வந்திருப்பார்கள். விழா யாருக்கோ, அந்த ஆளுக்கு எது தோது என்பது மட்டும் விட்டுப்போயிருக்கும்.

டி. கல்லுப்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திராவிட இயக்கக் குடும்பத்தில் பிறந்தவள் கிடையாது. என் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு எரியும். வேறு வேறு சாதியிலோ மதத்திலோ பிறந்து கல்யாணம் முடித்துக்கொண்ட பிள்ளைகள், “நர்சம்மா, ஐயரும் வேண்டாம், பாதிரியாரும் வேண்டாம், நீங்க நின்னு பேரு வச்சுக் குடுங்க” என்று கேட்டதில் தொற்றிக்கொண்ட வேலை இது. மாசமாக இருந்தபோது வீடு தேடிப் போய் எடை பார்த்தவள், பிரசவத்துக்குப் பின் போய்ப் பிள்ளையின் தொப்புளைப் பார்த்தவள் என்பதால், முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு வீட்டாருக்கும் நான் பொதுவான ஆளாகிவிட்டேன். பிறகு பேரையூர், திருமங்கலம் பக்கமிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். காசு வாங்குவதில்லை. ஒரு வேளைச் சாப்பாடும், போக வர ஆட்டோவும் போதும்.

மூன்று மாதம் முடிகிற சமயம்தான் என் கணக்கில் சரியான சமயம். ஒன்றரை மாதத்தில் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும். மூன்று மாதம் நிறையும்போது கழுத்து நிற்க ஆரம்பிக்கும். மடியில் சாய்த்து உட்கார வைத்தால் கூட்டத்தை வேடிக்கை பார்க்கும். தாய்க்கும் உடம்பு தேறியிருக்கும். முப்பதாம் நாளே வைத்தாக வேண்டும் என்று சிலர் நிற்பார்கள். அது தீட்டுக் கழிகிற கணக்கில் வந்த தேதி. தீட்டையே ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தத் தேதியை மட்டும் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? பிறப்பைப் பதிய 21 நாள் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே அவசரம் எதுவும் கிடையாது.

தடுப்பூசியையும் பார்க்க வேண்டும். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாத ஊசிகள் நம் பக்கம் புதன்கிழமைதோறும் போடுவது வழக்கம். போட்ட அன்றும் மறுநாளும் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கும். விழாவை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தால் அதிலிருந்து தப்பித்தோம். ஞாயிறு காலை பத்து மணி சுமாருக்குப் பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, பத்தரைக்கு ஆரம்பித்தால் பிள்ளை முழித்துக்கொண்டு தெளிவாக இருக்கும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பன்னிரண்டு மணிக்குத்தான். ராகு காலம் மாலை நாலரைக்கு. அப்பத்தாவுக்கு வாயைத் திறக்க இடமே இருக்காது. ஒரு தோழர் வேண்டுமென்றே ராகு காலத்தில் வைக்க வேண்டும் என்று வந்து நின்றார். முதல் மூன்று மாதத்தில் பிள்ளைகள் காரணமே இல்லாமல் வீறிட்டு அழுவது பெரும்பாலும் சாயங்காலம்தான், ராகுவை எதிர்க்கப் போய்ப் பிள்ளையை அழ விடாதீர்கள் என்றேன். பத்தரைக்கே வைத்துக்கொண்டார்.

கடவுள் இல்லாமல் சடங்கு நடத்துவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. கல்லுப்பட்டியிலிருந்து தென்கிழக்கே விருதுநகர் தாண்டினால் அருப்புக்கோட்டை. அதன் பக்கத்திலிருக்கும் சுக்கிலநத்தத்தில்தான் 1928-ல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அப்படி நடந்த திருமணங்கள் சட்டப்படி செல்ல, அண்ணா முதலமைச்சராகி 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய நாற்பது வருஷம். பெயர் சூட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெயர் பதிவேட்டில் ஏறினால் சரி. எப்படிச் சூட்டினீர்கள் என்று எந்த அதிகாரியும் கேட்கப்போவதில்லை. யார் வேண்டுமானாலும், எந்த இடத்திலும், என்ன செய்தும் பெயர் வைக்கலாம்.

இவ்வளவு இடம் கிடைத்ததும் நம் ஆட்கள் அதைப் பேச்சால் நிரப்பிவிட்டார்கள். இயக்கக் கூட்டங்களில் பிள்ளையைத் தலைவர் கையில் கொடுத்துப் பெயர் வாங்குவது ஒரு பெரிய மரபாகவே இருந்தது. மு.க. ஸ்டாலினுக்குப் பெயர் வைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்தது 1953 மார்ச் 1. நாலு நாளில் ரஷ்யாவின் ஸ்டாலின் இறந்துபோனார். அய்யாதுரை என்று வைக்க நினைத்திருந்த கருணாநிதி, இரங்கல் கூட்டத்து மேடையிலேயே மகனின் பெயரை அறிவித்துவிட்டார். அந்த ரஷ்யாவிலும் 1920களில் ஞானஸ்நானத்துக்குப் பதிலாக ‘அக்டோபர் விழா’ என்று ஆலை மன்றங்களில் செங்கொடிக்குக் கீழே நடத்தினார்கள். விளாதிமிர் லெனினைச் சுருக்கி விளாத்லென் என்றும், லெனினையே திருப்பிப் போட்டு நினெல் என்றும் பிள்ளைகளுக்குப் பெயர் கிடைத்தது. பிரான்சில் அதற்கும் முன்னால், புரட்சி நடந்த காலத்தில், 1794-லேயே ஊராட்சி மன்றத்தில் வைத்துச் செய்யும் குடியரசு ஞானஸ்நானம் தொடங்கிவிட்டது. சட்ட மதிப்பு எதுவும் இல்லாமலே இன்றும் சில மேயர்கள் நடத்தித் தருகிறார்கள். ஊர் ஊருக்குக் கொடி மாறியது. பேச்சாளர் மட்டும் மாறவில்லை.

அந்தப் பேச்சாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் மேடையில் பிள்ளைக்குப் பெயர் வைத்ததால்தான், ஐயர் வராமலும் பெயர் வைக்கலாம் என்பது ஊருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அது ஒரு பிரச்சாரம், பேச்சு தேவைப்பட்டது. இன்றைக்கு வந்திருக்கும் உறவுக்காரர்கள் பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்து ஆரியர் வருகையிலிருந்து ஆரம்பித்தால், முன்னே மந்திரம் புரியாமல் உட்கார்ந்திருந்த கூட்டம் இப்போது புரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருப்பது மாறவில்லை. பழைய சடங்கில் ஐயர் ஓதியது போக, ஆளாளுக்குக் கைவேலை இருந்தது. தாய்மாமன் தொட்டிலோடு வருவார். அத்தை காதில் பெயர் சொல்லுவாள். அப்பத்தா வசம்பை நூலில் கோத்துக் கையில் கட்டுவாள். இந்த வேலைகளில் எதற்கும் ஐயர் தேவைப்பட்டதே இல்லை. சாமியை எடுக்கிற அவசரத்தில் அந்த வேலைகளையும் சேர்த்து வாரிப் போட்டுவிட்டு, காலியான இடத்தில் மைக்கை வைத்தோம். நான் செய்வதெல்லாம் மைக்கைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அந்த வேலைகளைத் திரும்ப எடுத்து ஆட்கள் கையில் கொடுப்பதுதான்.

அதற்கு விழாவுக்கு முன்னால் இரண்டு வீட்டாரையும் ஒரு தடவை உட்கார வைக்க வேண்டும். பெற்றோர் என்னிடம் வரும்போது வேண்டாதவற்றின் பட்டியலோடு வருவார்கள். தேங்காய் வேண்டாம், சூடம் வேண்டாம், ஜெபம் வேண்டாம், ஜாதகம் வேண்டாம். வாங்கி வைத்துக்கொள்வேன். ஆனால் அந்தப் பட்டியலைப் பெரியவர்கள் முன்னால் படிக்க விடமாட்டேன். அவர்களிடம், “பிள்ளைக்கு நீங்க உங்க கையால என்ன செய்யணும்னு ஆசைப்படுறீங்க?” என்று மட்டும் கேட்பேன். பதில் பெரும்பாலும் சின்னதாக இருக்கும். ஒரு கொலுசு, ஒரு சட்டை, மடியில் ஒரு நிமிஷம்.

ஒரு வீட்டில் பையன் கிறிஸ்தவக் குடும்பம். பெண் வீட்டில் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறவர்கள். இரண்டு பேருமே சாமி வேண்டாம் என்றவர்கள். பையனின் அம்மா, ஜெபம் இல்லாத வீட்டில் தனக்கு வேலை இல்லை என்று மூலையில் உட்கார்ந்துவிட்டார். இப்படிப்பட்டவர்களைக் கூட்டத்தில் வைத்துப் பேசக் கூடாது, இறுகிப்போவார்கள். அடுத்த நாள் தனியாகப் போய், பிள்ளைக்கு வயிறு சரியாக இருக்கிறதா என்பதிலிருந்து ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தம்மா பீரோவைத் திறந்து, தன் மகனைத் தொட்டில் கட்டிப் போட்ட பழைய நூல் சேலையை எடுத்துக் காட்டினார். துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. அதுதான் விழாவின் தொட்டில் என்று அங்கேயே முடிவு செய்தோம். சேலை அப்பத்தா வீட்டுச் சீர். அதை விட்டத்தில் முடிச்சுப் போடுவது தாய்மாமன் வேலை. முடிச்சு தாங்குமா என்று இழுத்துப் பார்ப்பது தாத்தாக்கள் இரண்டு பேருக்கும். அன்றைக்கு அந்தத் தாத்தாக்கள் ஆளுக்கொரு பக்கம் தொங்கிப் பார்த்ததில்தான் முதல் தடவையாகச் சேர்ந்து சிரித்தார்கள். மண்டபமாக இருந்தால் கொக்கி இருக்கிறதா என்று முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். பல மண்டபங்களில் இருக்காது. மரத்தொட்டில் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

தாலாட்டு கட்டாயம் வேண்டும் என்பேன். போனில் போடுவது, பாட்டுக்காரரைக் கூட்டி வருவது எதுவும் கூடாது. எந்த வீட்டிலும் ஒருத்திக்குத் தெரிந்திருக்கும். கேட்க ஆளில்லாமல் உள்ளேயே கிடக்கும். மதுரைப் பக்கத்துத் தாலாட்டில் பாதி மாமன் கொண்டுவரும் சீரிலேயே போய்விடும் என்பதால், பாடுகிறவளுக்கும் கேட்கிற மாமனுக்கும் கொண்டாட்டம்தான். நான் சொன்ன வீட்டில் அம்மாச்சி பாடினார். மாமன் வந்தார், பொன் வந்தது, கரிசல்காட்டில் பருத்தி வெடித்தது. அதோடு அவர்கள் குலசாமியும் வந்துவிட்டார். பிள்ளையின் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா பாடுவது அவர் பாட்டு. அதில் யார் வருகிறார்கள் என்பதைத் தணிக்கை செய்ய நான் போகமாட்டேன். அதே சமயம், பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசவோ சிலுவை போடவோ யார் கை நீட்டினாலும் தடுத்துவிடுவேன். நெற்றி பிள்ளையுடையது. இந்தக் கோடு சரியா என்று என்னிடம் சண்டை போட்டவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். எனக்கு இதைவிட நல்ல கோடு கிடைக்கவில்லை.

இனி பெயர். இதில் நான் தலையிடக் கூடாது என்றாலும் தலையிடுவேன். சாமி வேண்டாம் என்கிற வீடுகளிலும் எண்கணிதக்காரரை ரகசியமாகப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆங்கில எழுத்தில் தேவையில்லாமல் இரண்டு ‘ஏ’ அல்லது ஒரு ‘ஹெச்’ முளைத்திருந்தால் அதுதான் காரணம். இன்னொரு பக்கம், நட்சத்திர எழுத்தை விடமாட்டேன் என்று நிற்கும் பாட்டிகள். அசுவினி என்றால் சு, சே, சோ, ல. அந்த எழுத்திலேயே சாமி இல்லாத ஒரு நல்ல பெயர் கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், யாருக்கும் நட்டமில்லை என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். கொள்கைக்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள்.

நான் வைக்கிற பரீட்சைகள் இரண்டுதான். தெருமுனையில் நின்று பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள் என்பது ஒன்று. ஆகாரத்திலோ ஈகாரத்திலோ முடிகிற பெயர் இழுத்துக் கூப்பிடத் தோதாகத் தூரம் போகும். மெய்யெழுத்தில் முடிகிற பெயரை அம்மாக்கள் எப்படியும் கடைசி எழுத்தை விழுங்கி, ‘ஏ’ போட்டு இழுத்துக்கொள்வார்கள். அந்த இழுவையில் பெயர் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றப் பரீட்சை, வீட்டில் வயதில் மூத்தவர் வாயில் பெயர் வருகிறதா என்பது. இரண்டு ‘ஷ்’, ஒரு ‘க்ஷ’ வைத்து ஒரு பெயரைப் பெற்றோர் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்பத்தா முயன்று பார்த்துவிட்டு, “நான் தங்கம்னே கூப்பிட்டுக்கிறேன்” என்று ஒதுங்கிக்கொண்டார். அந்தப் பெயரில் அவருக்குப் பங்கில்லாமல் போய்விட்டது. இதைச் சொன்ன பிறகு பெற்றோர் வேறு பெயர் தேடினார்கள்.

வாயில் வரும் பெயர்களுக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே இல்லை. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் குன்றில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழி எழுத்தில் நெடுஞ்செழியன் என்ற பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் என்று கீறி வைத்திருக்கிறார்கள். கல்லில் இருந்த நெடுஞ்செழியனை நாராயணசாமி என்ற இளைஞர் எடுத்துத் தனக்குச் சூட்டிக்கொண்டு நாவலர் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அவர்களுக்கும் முன்னால், திருப்பரங்குன்றம் பக்கத்து விளாச்சேரியில் 1870-ல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரி, பரிதிமாற் கலைஞர் என்று எழுதினார். இவர்களெல்லாம் வளர்ந்தபின் தாங்களே பெயரை மாற்றிக்கொண்டவர்கள். அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று தமிழில் எழுதவே கிரந்த எழுத்து இரண்டு மூன்று தேவைப்படுகிற பெயர்கள் அமைகின்றன. குறையாகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன்; குறையாகத்தான் சொல்கிறேன்.

பெயரைச் சொல்லும் அந்த நிமிஷத்துக்காகத்தான் மற்ற எல்லா ஏற்பாடும். அதனால் அந்த நிமிஷம் வரும்வரை பெயர் வெளியே தெரியக் கூடாது. வாசலில் இருபதடி ஃபிளெக்ஸில் பெயரைப் போட்டுவிட்டு உள்ளே வந்து அறிவித்தால் யார் காது கொடுப்பார்கள்? ஃபிளெக்ஸ் வைத்தே தீருவோம் என்றால் ‘பெயர் சூட்டு விழா’ என்பதோடு நிறுத்தச் சொல்வேன். அச்சுக்குப் போகுமுன் வாசகத்தை நானே ஒரு தடவை பார்த்துவிடுவேன். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் சாதி வராது. அதில் கவனமாக இருப்பார்கள். ‘அன்புடன் அழைக்கும்’ என்பதற்குக் கீழே தாத்தாவின் பெயருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். நூறு வருஷம் நெருங்கியும் ஃபிளெக்ஸ் அடிக்கிற கடையில் அது திரும்பத் திரும்ப முளைக்கிறது.

அந்த நிமிஷத்தை நான் இப்படி அமைப்பேன். தாய் முதுகு சாய்கிற நாற்காலியில், கூட்டத்தைப் பார்த்து, பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பாள். தகப்பன் பக்கத்தில் நிற்பான்; ஏன் இந்தப் பெயர் என்று நாலு வாக்கியம், எழுதி வைத்துப் படித்தாலும் சரி. உறுதிமொழி எடுக்கலாமா என்று கேட்பார்கள். சாதி மதம் பாராமல் வளர்ப்போம் என்பதெல்லாம் நல்ல உறுதிமொழிதான். அரைப் பக்கம் தாண்டினால் பள்ளிக்கூடக் கொடியேற்றம் போல ஆகிவிடும், ஒரே வரி போதும் என்பேன். பிறகு அத்தையும் தாய்மாமனும் ஆளுக்கொரு காதில் மெதுவாகப் பெயரைச் சொல்வார்கள். மூன்று தரம் சொல்வது வழக்கம்; மூன்றிலே மதம் எதுவும் இல்லை. மைக் அவர்கள் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. ஒலிபெருக்கிப் பெட்டியின் முகமும் பிள்ளை இருக்கும் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. சவுண்ட் சர்வீஸ் தம்பிகளிடம் இதற்காகவே முன்கூட்டிப் போய்ச் சிரித்துப் பேசி வைத்துக்கொள்வேன்.

கூட்டத்துக்குப் பெயரை அறிவிப்பது பெரியவர்கள் யாரும் கிடையாது. அந்த வீட்டில் பேசத் தெரிந்த ஆகச் சின்னப் பிள்ளை. அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்களுக்குத்தான் முதல் உரிமை. தம்பிப் பாப்பா வந்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற பிள்ளைக்கு அன்றைக்கு அது ஒரு பதவி. அதன்பின் மண்டபமே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லும். அடக்கமான குரலில், வாழ்த்துக் கோஷம் போல இல்லாமல், கூப்பிடுவதாகவே சொல்ல வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி வைப்பேன். நிறையப் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும். “பேரு பிடிச்சிருச்சு” என்று கூட்டம் சிரிக்கும். ஒரு பிள்ளை தன் பெயரைத் தன் பெயர் என்று தெரிந்துகொள்ள ஐந்தாறு மாதமாகும். அன்றைக்கு அது திரும்பியது வெறும் சத்தத்துக்கு. தெரிந்தும் நான் வாயைத் திறப்பதில்லை.

படம் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. சாமி படத்தை எடுத்தால் அந்த ஆணியில் யாரை மாட்டுவது என்று வீட்டுக்கு வீடு சண்டை. பெரியாரா, அம்பேத்கரா, காந்தியா, மார்க்ஸா? எங்கள் ஊர்க் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தன் கடைசி வருஷங்களைக் கழித்தார். அவர் குடிலில் காந்தி படத்தோடு ஓர் ஏழை விவசாயியின் படமும் இருந்ததாகவும், என் குருவுக்குக் குரு இவர் என்று வந்தவர்களிடம் அவர் காட்டியதாகவும் சொல்வார்கள். இதைக் கேட்ட ஒரு வீட்டார், பிள்ளையின் முப்பாட்டன் ஏர் பிடித்து நிற்கும் பழைய போட்டோவைப் பெரிதாக்கி மாட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மாலை போடலாமா என்று கேட்டார்கள். உங்கள் தாத்தா, உங்கள் மாலை என்றேன்.

சேனை வைக்க விடமாட்டேன். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, யார் குணம் பிள்ளைக்கு வர வேண்டுமோ அவரே பிள்ளையின் நாக்கில் தடவுவது நம் பக்கத்துப் பழக்கம். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது. தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது, அதனால் வரும் கிருமி நஞ்சு பச்சைப் பிள்ளையை முடக்கிப் போட்டுவிடும். இங்கே சாமி, சாமி இல்லை என்ற பேச்சே கிடையாது, நர்சம்மாவின் உத்தரவு. பெரியவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்துவிட்டால் சேனையை யாரும் தேடுவதில்லை. மொய்யை நிறுத்தப் பார்த்தவர்களும் உண்டு. நிறுத்த முடியாது. நம் பக்கத்தில் மொய் நோட்டு ஒரு கடன் பேரேடு. முன்னே செய்தவர்கள் திரும்ப வந்து எழுதத்தான் செய்வார்கள். மரக்கன்று கொடுப்பது இப்போது பரவியிருக்கிறது. சித்திரை வெயிலில் கரிசல் பூமிக்காரனிடம் வேப்பங்கன்றைக் கொடுத்தால் வீடு போய்ச் சேருமுன் வாடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் விழா என்றால் மட்டும் கன்று. மற்ற மாதத்தில் துணிப்பை கொடுங்கள்.

சாப்பாட்டுக்குப் பின் கூட்டம் கலையும்போது பெற்றோரை உட்கார வைத்து ஒரு தாளில் பெயரை எழுதச் சொல்வேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். 2023 அக்டோபரிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் திருத்தியாகிவிட்டது. அதில் ஓர் எழுத்துத் தப்பினால் ஆயுசுக்கும் அலைச்சல். யாழினிக்கு ‘ழ’வை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அப்பாவும் அம்மாவும் அங்கேயே முட்டிக்கொள்வார்கள். முடிவுக்கு வந்த பிறகுதான் விடுவேன். இனிஷியல் அப்பாவுடையதா, அம்மாவுடையதா, இரண்டுமா என்பதும் அந்தத் தாளில் வர வேண்டும். ஊருக்கே ஓர் இனிஷியல் வைத்திருக்கிறவர்கள் நாங்கள். இதில் எங்களுக்குக் கவனம் அதிகம். சாதி, மதம் பற்றிக் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழில் அவற்றுக்கு இடம் கிடையாது. பள்ளியில் சேர்க்கும்போது அந்த இடத்தைக் காலியாக விடலாம் என்று 1973-லேயே அரசாணை வந்திருக்கிறது. திருப்பத்தூர் வழக்கறிஞர் ஸ்நேகா சாதி, மதம் அற்றவர் என்ற சான்றிதழையே 2019-ல் தாசில்தாரிடம் வாங்கினார். சாதியைக் குறிக்காமல் விட்டால் இடஒதுக்கீடும் போகும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வேன்; ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை, தீர்மானிக்க வேண்டியது அவர்கள்.

கடைசியாக, அரசிதழில் பெயர் மாற்றம் செய்துகொள்ளும் வழியையும் சொல்லிவிட்டு வருவேன். எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பம், கட்டணம், இத்யாதி. அப்பாக்களுக்கு இது பிடிக்காது. இவ்வளவு கூத்தடித்து வைத்த பெயரை மாற்றுவதா என்பார்கள். குமரப்பாவைத்தான் சொல்லுவேன். 1892-ல் தஞ்சாவூரில் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்று பெயர் பெற்றவர், லண்டன், நியூயார்க் எல்லாம் போய்ப் படித்துத் திரும்பி, முப்பது வயதைத் தாண்டியபின் தன் குடும்பத்தின் பழைய பெயரை எடுத்துக்கொண்டார். கார்னீலியஸ் என்று கேட்டால் இன்றைக்குக் கல்லுப்பட்டியில் யாருக்கும் தெரியாது. அம்மாக்கள் பெரும்பாலும் சிரித்துவிட்டு விண்ணப்ப விவரத்தைப் போனில் படமெடுத்துக்கொள்கிறார்கள்.